'அமைச்சரவை ஆவணம்' என்று மறுத்துவிட்டார்கள், இன்னும் எட்டு நாள் இருக்கிறது

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: மத்திய அரசு ஒரு சட்ட முன்வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். இப்போது அது சட்டமாகிவிட்டது. நாங்கள் சொன்னது என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள, அதைத் தயாரித்த டெல்லி அலுவலகத்துக்குத் தபாலில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டு, "எங்கள் கருத்தை ஏன் ஏற்கவில்லை? விளக்கவும்" என்று கேட்டேன். "பிரிவு 8(1)(ஐ), அமைச்சரவை ஆவணம், தர இயலாது" என்று ஒரே வரியில் பதில். அது வந்து 22 நாள் ஆகிறது. இனி என்ன செய்வது?

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும், உங்களுக்கு மிச்சம் எட்டு நாள்தான். கட்டணம் கிடையாது. பதிலில் மேல்முறையீட்டு அலுவலரின் முகவரி இல்லையென்றால், அதே அலுவலகத்தின் 'முதல் மேல்முறையீட்டு அலுவலர்' என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். மறுக்கும்போது காரணம், மேல்முறையீட்டுக் காலம், யாரிடம் போக வேண்டும் என்ற மூன்றையும் சொல்லியாக வேண்டும் என்கிறது பிரிவு 7(8). ஒற்றை வரியில் பிரிவு எண்ணை மட்டும் எழுதினால் அது காரணம் ஆகாது. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருடையது, உங்களுடையது அல்ல. பிரிவு 19(5) அதைத்தான் சொல்கிறது.

இப்போது அந்த 8(1)(ஐ). அமைச்சரவைத் தாள்களைத் தர வேண்டியதில்லை என்பது அதன் முதல் பாதி மட்டுமே. அதே பிரிவின் வரம்புரையை, அதாவது 'ஆனால்' என்று தொடரும் நிபந்தனையைப் படியுங்கள்: முடிவு எடுத்து விஷயம் முடிந்த பிறகு அந்த முடிவு, அதற்கான காரணங்கள், எந்த ஆவணங்களின் பேரில் முடிவெடுத்தார்கள் என்பது எல்லாம் மக்களுக்குத் தரப்பட வேண்டும். மசோதா நிறைவேறிச் சட்டமாகிவிட்டது என்றால் இதற்கு மேல் முடிய என்ன இருக்கிறது? இந்த ஒரு வாதத்தை மேல்முறையீட்டின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியிலும் ஒரு கோளாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 'ஏன்', 'விளக்கவும்' என்று ஆர்டிஐ-யில் கேட்கக் கூடாது. கோப்பில் இருப்பதைத்தான் தர வேண்டும், இல்லாத காரணத்தைப் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் (2011) தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் மேல்முறையீட்டோடு நிற்காமல், இன்னொரு 10 ரூபாய் செலவழித்துப் புது மனுவும் போடுங்கள். அதில் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

என்ன ஆவணம்? 2014-இல் மத்திய அரசு முன்-சட்டமியற்றல் கலந்தாய்வுக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முன்வரைவைக் குறைந்தது 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும், அந்தச் சுருக்கத்தையும் அமைச்சகத்தின் பதிலையும் அமைச்சரவையின் முன் வைக்கும் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. கொள்கைதான், சட்டமில்லை, அதை மீறியதற்காக மட்டுமே சட்டத்தை ரத்து செய்யச் சொல்லிப் போனால் நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் எந்தத் தாள் கோப்பில் இருந்தாக வேண்டும் என்று அது உங்களுக்குக் காட்டிக் கொடுக்கிறது, அதுவே பெரிய உதவி. அந்தச் சுருக்கம், பதில், சம்பந்தப்பட்ட கோப்புக் குறிப்புகள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அப்படி ஒரு சுருக்கமே தயாரிக்கவில்லை என்று பதில் வந்தால், அதுவும் கையெழுத்தோடு வந்த ஒரு தகவல்தான். கருத்து அனுப்பியவர்களின் பெயர், முகவரி இருக்கிறதே என்று அலுவலகம் தயங்கினால், பிரிவு 10-ன்படி அவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மேல்முறையீட்டை 30 நாளில், அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். முடிவு பாதகமாக வந்தால் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அங்கே விசாரணைக்கு வர நெடுநாள் ஆகும், ஆகவே இந்த முதல் மேல்முறையீட்டையே கவனமாக எழுதுங்கள். அப்புறம் அந்தப் பதில் வந்த தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதன் மேலுள்ள முத்திரைதான் சாட்சி.