ஹங்கேரி கால்பந்து கிளப் எதுவும் ஐரோப்பியக் கோப்பை வென்றிருக்கிறதா?

வென்றிருக்கிறது, ஒரே ஒரு கிளப். புடாபெஸ்ட்டின் பச்சை வெள்ளை அணியான ஃபெரென்ட்ஸ்வாரோஷ், 1965-இல் ஃபேர்ஸ் கோப்பை என்ற ஐரோப்பிய கிளப் போட்டியை வென்றது.

அந்தப் பயணம் லேசுப்பட்டதல்ல. அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட். அவர்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஃபெரென்ட்ஸ்வாரோஷ் 3-2 என்று தோற்று, ஊரில் 1-0 என்று ஜெயித்தார்கள். மொத்தம் 3-3, சமம். இன்று இப்படிச் சமமானால் பெனால்டி ஷூட்அவுட் வரை போகும். அன்று மூன்றாவதாக ஓர் ஆட்டம். அதை 2-1 என்று முடித்தார்கள். இறுதிப்போட்டி ஒரே ஆட்டம், அதுவும் யுவென்டஸின் சொந்த ஊரான டூரினில். 74-ஆவது நிமிடத்தில் மாட்டே ஃபென்யவேஷி அடித்த கோல்தான் ஆட்டத்தின் ஒரே கோல். அந்த அணியின் நட்சத்திரம் ஃப்ளோரியான் ஆல்பர்ட், 1967-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் டி'ஓர் விருது வாங்கியவர்.

சரி, இது ஏன் பலருக்குத் தெரியவில்லை? ஃபேர்ஸ் கோப்பையை ஐரோப்பியக் கால்பந்து சங்கமான யூஇஎஃப்ஏ தன் அதிகாரபூர்வ போட்டியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

அப்புறம் இரண்டு இறுதித் தோல்விகள்: 1968-இல் அதே ஃபேர்ஸ் கோப்பையில் இங்கிலாந்தின் லீட்ஸிடம், 1975-இல் கப் வின்னர்ஸ் கோப்பை என்ற இன்னொரு ஐரோப்பியப் போட்டியில் டைனமோ கீவிடம் 3-0. 1995-இல் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குப் போன முதல் ஹங்கேரி கிளப்பும் இதுதான். மாட்ரிட்டில் 6-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டாலும், ஊரில் ரியால் மாட்ரிட்டை 1-1 என்று நிறுத்தினார்கள். 2020-21-இல் மீண்டும் போனபோது பார்சிலோனா, யுவென்டஸ், கீவ் இருந்த குழுவில் கிடைத்தது ஒரே புள்ளி.