வீட்டை விற்கும் முன் பேஸ்மென்ட் கசிவு: பெயின்ட் அடிப்பதா, தோண்டுவதா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய பங்களோ எங்களுடையது. வரும் ஏப்ரலில் விற்க எண்ணியிருக்கிறோம். பலத்த மழை பெய்தால் பேஸ்மென்டின் பின்மூலையில் சுவரடி ஈரமாகிறது. அதே இடத்தில் வெள்ளையாகப் பொடியும் பூத்திருக்கிறது. தண்ணீர் புகாத பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் ஒருவர். வெளியே சுற்றிவரத் தோண்டிப் பூச வேண்டும் என்கிறார் ஒப்பந்தக்காரர். எது சரி?

பதில்: பெயின்டை மறந்துவிடுங்கள். தோண்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

அந்தக் காலத்து பங்களோக்களில் பெரும்பாலும் கான்கிரீட் பிளாக் சுவர்தான். பிளாக்கின் நடுவே வெற்றிடம் இருக்கும். வெளியிலிருந்து வரும் நீர் அதற்குள் இறங்கித் தேங்கும். உள்பக்கம் பெயின்ட் அடித்தால் நீர் வருவது நிற்காது, வெளியேறும் வழிதான் அடைபடும். பின்னாலிருந்து தள்ளும் நீரின் அழுத்தத்தில் பெயின்ட் கொப்புளித்து உரியும். அந்த வெள்ளைப் பொடி சிமென்டிலிருந்து கரைந்து வந்த உப்பு. சுவர் வழியே நீர் நடமாடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி, ஹோம் இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவதும் அதைத்தான்.

சட்டச் சிக்கலும் உண்டு. ஒன்ராறியோவில் கண்ணுக்குத் தெரியும் குறைகளைப் பார்த்துக்கொள்வது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் தெரிந்த கசிவைப் பூச்சாலோ புதுச் சுவர்ப்பலகையாலோ மறைத்து விற்றால், வீடு கைமாறிய பிறகும் மோசடி என்று வழக்குப் போட இடமுண்டு. கசிவு பற்றி எதை, எப்படி எழுத்தில் தெரிவிப்பது என்று ஏஜென்டிடம் மட்டும் கேட்காமல் உங்கள் வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

இனி நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மழையில் மட்டும் நனையும் சுவருக்குப் பெரும்பாலும் காரணம் நிலத்தடி நீர் அல்ல, கூரை நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை விழுந்தால் 2,500 லிட்டர். 2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் பதிவானது 97.8 மி.மீ.; அதே கூரைக்குக் கிட்டத்தட்ட 9,800 லிட்டர். இதில் ஒரு பங்கு மூலைச் சுவரை ஒட்டி இறங்கினாலே பேஸ்மென்ட் நனையும்.

ஆகவே அந்த மூலைக்கு மேலே கூரை விளிம்பிலுள்ள நீர்த்தாரையை முதலில் பாருங்கள். இலை அடைத்திருந்தால் நீர் பொங்கிச் சுவரோரமே கொட்டும். இறங்கு குழாயின் வாய் சுவரிலிருந்து 1.8 மீட்டராவது தள்ளி, உங்கள் புல்தரையில் திறக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பக்கமோ நடைபாதைப் பக்கமோ திருப்பாதீர்கள். பனிக்காலத்தில் அது வழுக்குப் பாறையாகும். குழாய் இன்னும் தரைக்குள் போகிறதென்றால் அதைத் துண்டித்துவிடுங்கள். ரொறன்ரோவில் அது விதியும்கூட.

அடுத்தது மண்ணின் சரிவு. சுவரோரம் நிரப்பிய மண் ஆண்டுகள் போகப்போக அமுங்கி, நீரை வீட்டுப் பக்கமே திருப்பும். சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்துக்குள் 15 செ.மீ. இறக்கம் வேண்டும். களிமண் கலந்த மண்ணை 10 செ.மீ. கனத்தில் அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்குங்கள். தோட்டக் கறுப்பு மண்ணும் மரச்சீவலும் பார்க்க அழகு, ஆனால் நீரை நேரே கீழே விட்டுவிடும். செங்கல் தொடங்கும் இடத்துக்குக் கீழே 15 செ.மீ. வெறும் சுவர் தெரிய வேண்டும். மண்ணைச் செங்கல்வரை ஏற்றினால் வேறொரு கசிவை நீங்களே உண்டாக்குவீர்கள்.

டிரைவ்வேயும் சுவரும் சேரும் இடத்தில் பிளவு இருந்தால் நுரைக்கயிறு திணித்து, மேலே பாலியூரிதேன் சீலன்ட் இழுங்கள். அந்த மூலையில் ஜன்னல் குழி இருந்தால் ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். சரளைக்குள் சில நிமிடங்களில் இறங்காவிட்டால் அடியிலுள்ள வடிகுழாய் அடைத்திருக்கிறது. இவ்வளவையும் நிலம் உறையும் முன் முடித்துவிடுங்கள், செலவு அதிகமில்லை.

பிறகு சோதனை. தோட்டக் குழாயை மெல்லத் திறந்து, சுவரடியில் தொடங்கி ஓரோர் இடத்திலும் 15 நிமிடம் நீர் விடுங்கள்; உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இடம் ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. உண்மையான பரீட்சை மார்ச் மாதப் பனியுருகலில்தான் வரும்.

அப்போதும் கசிந்தால் தோண்டுங்கள், ஆனால் அந்த மூலையின் இரு பக்கங்களில் மட்டும். வீட்டைச் சுற்றிவரத் தோண்டச் சொல்பவரிடம், காய்ந்த சுவருக்கு எதற்கு என்று கேளுங்கள். விலைப்பட்டியலில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: அடித்தளத்தின் அடிவரை தோண்டுதல், சுவரைக் கழுவிச் சிமென்ட் பூச்சு, அதன்மேல் ரப்பர் மென்படலம், குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு, வடிதுணி சுற்றிய 4 அங்குலத் துளைக்குழாய், அதைச் சுற்றிக் கழுவிய சரளை. அக்காலத்துக் களிமண் வீப்பிங் டைல்கள் (அடித்தளத்தை ஒட்டிப் புதைத்த வடிகுழாய்கள்) மண்ணடைத்தோ உடைந்தோ போயிருப்பது சாதாரணம், எனவே குழாயை மாற்றாமல் சுவரை மட்டும் பூசுவது அரைவேலை. மண்வெட்டி படும் முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவை வழியாக நிலத்தடிக் கம்பி, குழாய்களை அடையாளமிடச் செய்யுங்கள். அது இலவசம், சட்டப்படி கட்டாயம்.

விரிசலுக்குள் ரசாயனம் ஏற்றிச் சரிசெய்கிறோம் என்று வருபவர்களும் உண்டு. வார்ப்புக் கான்கிரீட் சுவருக்கு அது நல்ல வழி. பிளாக் சுவரில் ஏற்றியது வெற்றிடத்துக்குள் போய்விடும், காசும் கூடவே.

தரையிலுள்ள வடிகாலிலிருந்து நீர் மேலே வந்தால் கதை வேறு. அது சாக்கடை எதிரேற்றம், அதற்குப் பின்னோட்டத் தடுப்பு வால்வு வேண்டும். நகரசபை அனுமதி பெற்றே பொருத்த வேண்டும். வேலை தொடங்குமுன் ரொறன்ரோ நகரசபையின் மானிய நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அந்த மூலையில் சுவர்ப்பலகையின் கீழ் 30 செ.மீ. பகுதியை உடனே மூடாதீர்கள். காய்ந்த சுவரைக் கண்ணால் பார்க்கும் வாங்குபவர் பேரத்தில் அவ்வளவு குறைக்கமாட்டார். குழியை மூடுமுன் எடுத்த படங்கள், ரசீதுகள், அடுத்த உரிமையாளருக்கு மாறக்கூடிய உத்தரவாதப் பத்திரம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். மாற்ற முடியாத உத்தரவாதம் விற்கப்போகும் உங்களுக்கு வெறும் தாள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.