ஜூரி அறையில் நடப்பதை அப்பாவிடம்கூடச் சொல்லக் கூடாதா?

பாளையங்கோட்டை மகாராஜ நகரிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் எழுதியிருக்கிறார். சுருக்கிப் போடுகிறேன்.

"மகன் நியூ ஜெர்சியில இருக்கான், சிட்டிசன்ஷிப் வாங்கிட்டான். இப்போ பெடரல் கோர்ட்டுல ஜூரியா உக்காந்திருக்கான், ஏதோ மோசடி சதி வழக்காம். யாரு, எவருன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான். போன ஞாயித்துக்கெழம போன்ல, 'உள்ள ஒருத்தர் செய்றது சரியில்லப்பா'ன்னு ஆரம்பிச்சவன் டக்குன்னு நிறுத்திட்டான். தீர்ப்பு முடிஞ்ச பொறவாவது சொல்லலாமா? சொன்னா அவனுக்கு எதும் ஆகுமா? இன்னொண்ணு வக்கீல் சார், எங்க தெருவுல ஒரு பையன கொலைச் சதின்னு அஞ்சாவது ஆளா சேத்திருக்காவ. சம்பவ எடத்துல அவன் இல்ல. ஏ1, அதான் வழக்குல மொதல் ஆளு, போலீஸ்கிட்ட இவன் பேரச் சொல்லிட்டானாம், ரெண்டு பேரும் போன்ல பேசியிருக்காவளாம், அவ்வளவுதான். நம்ம ஊருலயும் ஜூரி இருந்தா அவனுக்கு நல்லதா இருந்திருக்குமோ?"

அண்ணாச்சி, மகன் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், அவசரம் அதில்தான் இருக்கிறது. அடுத்த முறை போன் வரும்போது நீங்கள் ஒன்றும் கேட்காதீர்கள். தீர்ப்பு வரும் வரை ஜூரர், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கப்படும் பொதுமக்களில் ஒருவர், வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது. மனைவியும் அதில் சேர்த்தி, பெற்ற அப்பாவும் சேர்த்தி. அவ்வளவு ஏன், சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து பன்னிரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசிக்க உட்காரும் வரைக்கும் தங்களுக்குள்ளேகூட வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் பெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின் கோர்ட் நீதிபதிகள் வழக்கமாகச் சொல்லி அனுப்புவார்கள். பையன் பாதியில் நிறுத்தியது உங்கள் மேல் பாசம் குறைந்ததால் இல்லை, சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்பதால்.

நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "மனசுல இருக்கிறத எனக்குச் சொல்லாத, ஜட்ஜுக்கு எழுதிக் கொடு. தீர்ப்புக்கு முன்னாடி கொடு." ஒரு தாளில் நடந்ததை நாலு வரி எழுதி, ஜூரிகளைப் பார்த்துக்கொள்ளும் கோர்ட் அலுவலரிடம் கொடுத்தால் அது நீதிபதி கைக்குப் போகும். ஆலோசனை ஆரம்பித்திருந்தால், எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற கணக்கை அதில் எழுதக் கூடாது, அது நீதிபதிக்கும் தெரியக் கூடாத விஷயம். வாட்ஸ்அப்பில் எவனுக்கும் அனுப்பக் கூடாது. இரு தரப்பு வக்கீல்கள் பக்கமும் போகக் கூடாது. நீதிபதி வக்கீல்களை வைத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட ஜூரரைத் தனியாக விசாரிப்பார், தேவைப்பட்டால் அவரை நீக்கிவிட்டு மாற்று ஜூரர் ஒருவரை உட்காரவைப்பார். ஆலோசனை தொடங்கிய பிறகு நீக்க நேர்ந்தால், தக்க காரணம் இருக்கும்போது மீதிப் பதினொரு பேரே தீர்ப்புச் சொல்லவும் விதியில் இடம் உண்டு.

'தீர்ப்புக்கு முன்னாடி' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள். அமெரிக்க பெடரல் சாட்சிய விதிகளில் 606(பி) என்று ஒன்று இருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகு, உள்ளே யார் என்ன பேசினார், எதைக் கேட்டு மனசு மாறினார் என்றெல்லாம் ஒரு ஜூரர் வந்து சாட்சி சொல்லி அந்தத் தீர்ப்பை அசைக்க முடியாது. வெளியிலிருந்து தகவல் உள்ளே நுழைந்தது, வெளியாள் யாராவது மிரட்டினார் அல்லது காசு காட்டினார், தீர்ப்புப் படிவத்தில் கை தவறி மாற்றி எழுதிவிட்டார்கள் என்ற மூன்றுக்கு மட்டும் விலக்கு. ஆக, உள்ளே இருக்கிற அந்த ஆள் வீட்டில் போய் கூகுளில் தேடிவிட்டு வந்து அளக்கிறவராக இருந்தால் பிறகும் எடுபடலாம். குடித்துவிட்டு வருகிறவராக, தூங்கி வழிகிறவராக இருந்தால் எடுபடாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டேனர் வழக்கு என்று ஒன்று, அதுவும் புளோரிடாவில் நடந்த மோசடிச் சதி வழக்குதான். குற்றவாளி என்று தீர்ப்பாகி, தண்டனை அறிவிக்கப்போகிற நேரத்தில் ஒரு ஜூரர் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலைக் கூப்பிட்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சில ஜூரிகள் குடித்தார்கள், பிறகு கோர்ட்டில் தூங்கினார்கள் என்று சொல்ல, அப்புறம் இன்னொரு ஜூரர் கஞ்சா, கொக்கெய்ன் வரைக்கும் கதையை விரித்தார். 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதெல்லாம் உள்விவகாரம், ஜூரிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. சொன்ன காரணங்களில் ஒன்றுதான் உங்கள் மகனுக்கு வேண்டியது: இப்படி ஏதாவது நடந்தால் தீர்ப்புக்கு முன்பே ஒரு ஜூரர் நீதிபதியிடம் சொல்லியிருக்கலாமே என்றார்கள். முப்பது வருடம் கழித்து, 2017-இல் பெனா ரொட்ரிகஸ் வழக்கில் ஒரு ஓட்டை மட்டும் திறந்தார்கள். இவன் இந்த இனம், அதனால் குற்றவாளிதான் என்று ஒரு ஜூரர் வெளிப்படையாகப் பேசியிருந்தால் அதைத் தீர்ப்புக்குப் பிறகும் விசாரிக்கலாம். என்னைக் கேட்டால், போதை ஏறிய ஜூரிக்கும் அந்த ஓட்டையைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

வழக்கு முடிந்து ஜூரியைக் கலைத்த பிறகு, நீதிபதி தனியாகத் தடை போட்டிருந்தால் ஒழிய, அமெரிக்காவில் ஒரு ஜூரர் வீட்டாரிடம் பேசுவது குற்றமில்லை. சிலர் பத்திரிகைக்குப் பேட்டியே கொடுக்கிறார்கள். மகன் அதே வேலையை இங்கிலாந்தில் பார்த்திருந்தால் கதை வேறு. அங்கே ஆலோசனை அறையில் பேசியதை வெளியே சொல்வது ஆயுசுக்கும் குற்றம், 2 வருடம் வரை சிறை. அவர்களிடமும் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு: ஒரு இரட்டைக் கொலை விசாரணையில், ராத்திரி ஓட்டலில் தங்கியிருந்த ஜூரிகள் சிலர் ஆவியைக் கூப்பிடும் பலகையை வைத்துக்கொண்டு செத்தவரிடமே யார் கொன்றது என்று 'விசாரித்திருக்கிறார்கள்'. 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அதற்கு வழி கிடைத்ததே, கூத்து நடந்தது ஓட்டலில், ஆலோசனை அறையில் இல்லை என்பதால்தான். அறைக்குள் நடந்திருந்தால் நீதிபதிகள் எட்டிப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

இவ்வளவு பொத்திப் பொத்தி வைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெளியே வந்ததும் ஒவ்வொரு ஜூரரையும் தோற்ற கட்சி துரத்த ஆரம்பித்தால் எவனும் மனசில் பட்டதைப் பேச மாட்டான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது: ஜூரி 'குற்றவாளி' அல்லது 'குற்றவாளி இல்லை' என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. தப்பான சாட்சியம் ஒன்று உள்ளே போய்விட்டால் அது எவ்வளவு வேலை செய்தது என்று பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான் அமெரிக்காவில் சண்டை முழுக்க, சாட்சியம் ஜூரி காதுக்குப் போகும் முன்பே, வாசலிலேயே நடக்கும். சதி வழக்கில் ஒரு கூட்டாளி பேசிய பேச்சை மற்றவன் மேல் போட வேண்டுமானால், சதி இருந்தது, இருவரும் அதில் இருந்தார்கள், சதி நடந்துகொண்டிருக்கும்போது அதை நிறைவேற்றுவதற்காகவே அந்தப் பேச்சு பேசப்பட்டது என்று நீதிபதி முதலில் திருப்திப்பட வேண்டும். 1968-இல் புரூட்டன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சேர்ந்து விசாரிக்கப்படும் இருவரில் ஒருவன் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தில் மற்றவனையும் இழுத்திருந்தால், அதை ஜூரி காதில் போட்டுவிட்டு 'இவனுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அவனுக்கு மறந்துவிடுங்கள்' என்று சொல்வதே நடக்காத காரியம் என்றது கோர்ட். நியாயம்தானே, காதில் விழுந்தது விழுந்ததுதான்.

இப்போது உங்கள் தெருப் பையன். நம் நாட்டில் கிரிமினல் வழக்குக்கு ஜூரி இல்லை. 1959-இல் பம்பாயில், மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் 8க்கு 1 என்று ஜூரி விடுவித்ததை நீதிபதி ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை ஆனது, 1961-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜூரி முறை அந்த வழக்கோடு ஒழிந்தது என்று பலரும் சொல்வார்கள், அப்படி இல்லை. 1958-லேயே சட்ட ஆணையம் எடுத்துவிடச் சொல்லியிருந்தது, அங்கங்கே இழுத்துக்கொண்டிருந்ததை 1973 குற்ற விசாரணை முறைச் சட்டம் முடித்துவைத்தது.

ஜூரி இருந்திருந்தால் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தியாகராஜ பாகவதரும் நம் நாகர்கோவில் என்.எஸ்.கிருஷ்ணனும் சதி செய்தார்கள் என்று 1945-இல் சென்னையில் ஜூரி பெரும்பான்மையாகச் சொன்னது, ஆயுள் தண்டனை. வெள்ளையர் காலத்தில் நமக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் சாட்சியத்தைப் புரட்டிப் பார்த்து இருவரையும் விடுதலை செய்தார்கள். அந்த ஜூரிகள் எதை நம்பினார்கள்? ஒரு வரி கிடையாது. விடுதலை செய்தவர்கள் மட்டும் ஏன் என்று எழுதினார்கள். இன்னும் பழசு வேண்டுமானால் நம் மணியாச்சிக்கே வாருங்கள். 1911 ஜூன் 17-இல் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சிநாதன் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு 14 பேர் மேல் நடந்த திருநெல்வேலிச் சதி வழக்கில் ஜூரியே இல்லை, சென்னை உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு. அப்ரூவர்கள், அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய கூட்டாளிகள், கொடுத்த வாக்குமூலம்தான் அரசுத் தரப்புக்கு முதுகெலும்பு. அப்படியும் ஐந்து பேர் விடுதலையானார்கள், நீதிபதி சங்கரன் நாயர் மற்ற இருவரோடும் முழுதாக ஒத்துப்போகவில்லை. எதில் ஒத்துப்போகவில்லை என்பதை இன்றைக்கும் படிக்க முடிகிறது. அதனால் என் கட்சி, காரணம் எழுதுகிற நீதிபதிதான். பாளையங்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் பையனுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தாலும், எந்தப் பத்தியில் எந்தச் சாட்சியத்தை நம்பினார் என்று விரலை வைத்துக் காட்டி மதுரைக் கிளையில் வாதாடலாம்.

இனி அவன்மேல் இருக்கிற சரக்கைப் பார்ப்போம். சதிக்குச் சம்பவ இடத்தில் இருக்க வேண்டியதில்லை, அதில் ஏமாந்துவிட வேண்டாம். கொலை செய்வோம் என்று இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலே குற்றம் முடிந்தது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 120-பி, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 61. ஆனால் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சாட்சியம் வேண்டும். ஏ1 போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் ஏ1-க்கு எதிராகவே செல்லாது, ஏ5-க்கு எங்கே செல்லும்? அவன் காட்டிக் கொடுத்து அரிவாளோ பைக்கோ எடுத்திருந்தால், அந்தப் பொருளைக் கண்டெடுக்கக் காரணமான துண்டு வாக்கியம் மட்டும் உள்ளே வரும். பழைய 25, 27 பிரிவுகள் இரண்டையும் சேர்த்துப் புதிய சாட்சியச் சட்டத்தில் 23 ஆக்கிவிட்டார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் தானாக வந்து கொடுத்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். சேர்ந்து விசாரிக்கும்போது அதைக் கூட்டாளிக்கு எதிராகவும் 'கருத்தில் கொள்ளலாம்'. ஆனால் 1952-லேயே காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, முதலில் மற்ற சாட்சியம் தன் காலில் நிற்க வேண்டும், வாக்குமூலம் அதற்குத் தெம்பு கொடுக்க மட்டும்தான்.

அரசு வக்கீல் அப்போது சாட்சியச் சட்டத்தின் பழைய 10-ஐ, அதாவது இப்போதைய 8-ஐத் தூக்குவார். சதிகாரர்களில் ஒருவர் பொது நோக்கத்தைப் பற்றிச் சொன்னது, செய்தது, எழுதியது எல்லாம் மற்றவருக்கும் எதிரான சாட்சியம் என்கிற பிரிவு அது. அதற்குக் கடிவாளம் 1940-இல் பிரிவி கவுன்சில் போட்டது, மிர்சா அக்பர் வழக்கில். கணவனைக் கொல்லச் சதி செய்த பெண்ணும் அவள் காதலனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் செல்லும், கைதான பிறகு அவள் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது காதலனுக்கு எதிராக இந்தப் பிரிவில் செல்லாது, ஏனென்றால் அப்போது சதி முடிந்துபோய்விட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் 1999-இல் இதே கோட்டைத்தான் பிடித்தார்கள். ஆகவே பையனின் வக்கீல் கேட்க வேண்டிய கேள்வி: ஏ1 இவன் பெயரைச் சொன்னது எந்தத் தேதி, அன்றைக்கு அவன் வெளியே இருந்தானா, லாக்கப்பில் இருந்தானா?

போன் அழைப்புப் பட்டியல் என்பது இருவரும் பேசினார்கள் என்று காட்டும், என்ன பேசினார்கள் என்று காட்டாது. ஒரே தெருக்காரர்கள், ஒரே கொடைவிழாவுக்கு வரி பிரித்தவர்கள், வருடம் முழுக்கப் பேசுகிறவர்கள் என்றால் சம்பவத்துக்கு முந்தைய ஒரு வாரப் பட்டியலை மட்டும் வெட்டி எடுத்து வைப்பதில் அர்த்தமில்லை. ஆறு மாதப் பட்டியலை வரவழைக்கச் சொல்லி மனுப் போடலாம். அந்தப் பட்டியலோடு மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், சாட்சியச் சட்டத்தில் பழைய 65-பி, இப்போது 63. 2014 அன்வர் தீர்ப்பும் 2020 அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பும் சான்றிதழ் கட்டாயம் என்றன. புதிய சட்டத்தில் அது இரண்டு பகுதி, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்து வேண்டும். ஏ1-ஓ வேறு யாரோ அப்ரூவராக மாறினால்தான் நிஜமான ஆபத்து. அப்போதும், அவன் சொல்வதற்குத் தனியாக வேறு ஆதாரம் இல்லாமல் தண்டிக்க எந்த நீதிபதியும் தயங்குவார்.

வழக்கு, புதிய சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிறகு பதிவானது என்றால் ஒரு கெடு இருக்கிறது, அதைத் தவறவிட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். குற்றப்பத்திரிகை நகல் அனைத்தும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், வாங்கிப் பக்கம் எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸுக்கு அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள், விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனுத் தாக்கல் செய்ய வேண்டும். போலீஸ் வாக்குமூலமும் போன் பட்டியலும் தவிர வேறொன்றும் அந்தக் கட்டில் இல்லையென்றால், சாட்சி விசாரணை வரை காத்திராமல் அந்த மனுவிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.