அக்குளில் தட்டுப்படும் கட்டியைப் பற்றி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்ன சொல்லும்?

அக்குளில் கட்டி போல ஏதோ தட்டுப்பட்டதால் அல்ட்ராசவுண்ட் எடுத்ததாகவும், அறிக்கையில் 2.4 செ.மீ. நிணநீர் முடிச்சு என்று இருப்பதைக் கண்டு அது புற்றுநோயாக இருக்குமோ என்று அஞ்சுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பரிசோதனையை அன்றாடம் செய்யும் ரேடியாலஜி மருத்துவர் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களை அச்சுறுத்தும் அந்தச் சென்டிமீட்டர் கணக்கு, அறிக்கையில் இருப்பவற்றுள் மிகக் குறைவாகவே பொருள் தருவது. முடிச்சின் உள்ளமைப்பைப் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது என்பதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

நிணநீர் முடிச்சு என்பது நிணநீரை வடிகட்டித் தொற்றை எதிர்க்கும் சிறு உறுப்பு. நலமான முடிச்சு திரையில் ஒரு குட்டிச் சிறுநீரகத்தைப் போலத் தெரியும். நடுவில் ஹைலம் எனப்படும் கொழுப்பு நிறைந்த பகுதி வெண்மையாகவும், அதைச் சுற்றிக் கார்டெக்ஸ் எனப்படும் புறணி மெல்லிய கருநிறப் பட்டையாகவும் இருக்கும். புறணியின் தடிமன் 3 மி.மீ.க்குள் சீராக இருந்து, நடுக் கொழுப்பும் அழியாமல் இருந்தால், முடிச்சு நீளமாக இருப்பதற்காக நாங்கள் கவலைப்படுவதில்லை. வயது ஏற ஏற நடுவில் கொழுப்பு சேர்வதால், சில சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்தும் முற்றிலும் நலமாக இருக்கும் முடிச்சுகள் உண்டு. மாறாக, 1 செ.மீ.கூட இல்லாத ஒரு முடிச்சு உருண்டையாகி, நடுக் கொழுப்பை இழந்து, முழுவதும் கருமையாகத் தெரிந்தால் அதை நான் எளிதில் விட்டுவிட மாட்டேன். மார்பகத்திலிருந்து நிணநீரைக் கொண்டுவரும் குழாய்கள் முடிச்சின் வெளிப்புறத்தில்தான் திறக்கின்றன. அதனால் புற்றுநோய்ச் செல்கள் வந்தாலும் முதலில் புறணியில்தான் தங்கும். புறணியின் ஓரிடம் மட்டும் புடைத்திருப்பதற்கு நாங்கள் அவ்வளவு முக்கியத்துவம் தருவது இதனால்தான். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இரத்தக் குழாய்கள் ஹைலம் வழியாக அன்றி விளிம்பின் வழியாக நுழைவது தெரிந்தால் ஐயம் மேலும் வலுப்படும்.

புறணி முழுச்சுற்றும் சீராகத் தடித்திருப்பது வேறு கதை. கையில் ஆறாத புண், தோல் அழற்சி, பூனையின் கீறல், முடக்குவாதம் என்று பலவற்றாலும் அக்குளில் நெறி கட்டும். அந்தக் கையில் தடுப்பூசி போட்டிருந்தாலும் இப்படி ஆகும். கோவிட் தடுப்பூசிக்குப் பின் இந்த வீக்கம் பல வாரங்கள் நீடித்ததைப் பலரிடம் கண்டிருக்கிறோம். இரண்டு அக்குள்களிலும் ஒரே மாதிரி தெரிந்தால் உடல் முழுவதையும் தழுவிய காரணத்தைத் தேட வேண்டும் என்பதால், மறுபக்கத்தையும் பார்ப்பது என் வழக்கம். காசநோயில் முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உட்பகுதி அழுகிக் கூழாகவும் தெரியக்கூடும். ஆனால் படத்தை மட்டும் வைத்து இவற்றை எல்லா நேரமும் பிரித்தறிய முடியாது. ஆகவே எந்தக் கையில் எப்போது ஊசி போட்டீர்கள், காய்ச்சலோ எடைக் குறைவோ இருக்கிறதா என்பதை ஸ்கேன் தொடங்கும் முன்பே, கேட்காவிட்டாலும், தயவுசெய்து சொல்லுங்கள்.

அக்குளில் தட்டுப்படுவதெல்லாம் நிணநீர் முடிச்சும் அல்ல. கொழுப்புக் கட்டி, தோலடி நீர்க்கட்டி, சீழ்க்கட்டி, மயிர்க்கால்களை ஒட்டி மீண்டும் மீண்டும் வரும் புண்கள் என்று பலவும் அங்கே வரும். சில பெண்களுக்குப் பிறவியிலேயே அக்குளில் சிறிது மார்பகத் திசு இருந்து, கருவுற்றபோதோ பாலூட்டும்போதோ அது வீங்கும். படுத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கியதும் தோல் இழுபட்டுக் கட்டி கைக்கு அகப்படாமல் போவது உண்டு. அப்போது எந்த நிலையில் தட்டுப்படுகிறதோ அந்த நிலைக்கு வந்து, ஒரே விரலால் இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். அங்கேயே கருவியை வைத்துப் பார்ப்பதற்கு ஈடு வேறொன்றும் இல்லை.

இதற்கு வெறும் வயிறு வேண்டாம், மழிக்கவும் தேவையில்லை, கதிர்வீச்சும் இல்லை. நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அலை. அது நுணுக்கமாகக் காட்டும், ஆனால் ஆழமாகச் செல்லாது. அதனால் சிறிய மார்புத் தசைக்குப் பின்னால் இருக்கும் முடிச்சுகளைக் காண்பது, குறிப்பாகப் பருத்த உடலில், கடினம்.

இன்னொரு வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவுக்குச் சில புற்றுநோய்ச் செல்கள் முடிச்சில் இருந்தால் இந்த ஸ்கேன் அதைக் காட்டாது. அப்படியிருந்தும் இதன் மதிப்பு கூடிக்கொண்டே வருகிறது. 2 செ.மீ. வரையிலான மார்பகப் புற்றுநோய் இருந்து, அக்குள் அல்ட்ராசவுண்டில் ஐயம் எதுவும் தெரியாத ஏறத்தாழ 1,400 பெண்களிடம் நடந்த ‘சவுண்ட்’ ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அக்குளில் அறுவை செய்து முடிச்சை எடுத்தவர்களில் 97.7 விழுக்காட்டினரும், எடுக்காமல் விட்டவர்களில் 98 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் தொலைவுப் பரவல் இன்றி, அதாவது உடலின் தொலைவான உறுப்புகளுக்குப் புற்றுநோய் பரவாமல், இருந்தார்கள். கை வீக்கமும் தோள் வலியும் தரக்கூடிய ஓர் அறுவையை, தகுந்த சிலருக்கு, தவிர்க்க முடிகிறது என்பது எனக்கு மிகுந்த நிறைவு தரும் செய்தி.

இனி உங்கள் அறிக்கையைப் பாருங்கள். புறணி மெல்லியது, கொழுப்பு ஹைலம் உள்ளது என்று எழுதியிருந்தால் 2.4 செ.மீ. என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. சீராகத் தடித்திருந்து, அண்மையில் தடுப்பூசியோ தொற்றோ இருந்தால், சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். ஓரிடப் புடைப்போ ஹைலம் இழப்போ இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, அருகில் ஓடும் இரத்தக் குழாய்களை விலக்கி, ஊசியால் சிறிது திசுவை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அதோடு மார்பகத்தையும் சோதிக்க வேண்டும்; மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் அக்குளின் கீழ்ப்பகுதி மட்டுமே தெரியும் என்பதால் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. அறிக்கையில் புறணியைப் பற்றியோ ஹைலத்தைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லையென்றால், ஸ்கேன் பார்த்த மருத்துவரிடமே சென்று அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.