லயத்து வாசல்ல ஒரு நோட்டு: வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த வாரம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல வீட்டைப் பத்திதான். ஜூன் மழை நெருங்குதுல்ல, அந்தக் கவலை எல்லார் மனசுலயும் இருக்கு. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சிட்டு வீட்டை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

*அக்கா, என் மக அமெரிக்காவுல ஒரு ஸ்டேட் முழுக்க வேலை செய்யிற வீட்டு வசதிக் கூட்டமைப்புல இருக்கா. எத்தனை வீடு கட்டுனீங்கன்னு கேட்டா நாங்க வீடே கட்டலம்மாங்கிறா. வீடு கட்டாத சங்கத்துக்குச் சம்பளம் யாரு குடுப்பா? எனக்கு ஒண்ணும் விளங்கல.*
(ஒரு வாசகி, குமுளி)

அம்மா, உங்க மக சொல்றது நிஜம்தான், பயப்படாதீங்க. அங்க பெரும்பாலான ஸ்டேட்ல இந்த மாதிரி கூட்டமைப்பு உண்டு, அதுல வாடகை வீட்டுக்காரங்க இருப்பாங்க, லாபம் பாக்காம வீடு கட்டுற டிரஸ்ட்காரங்க, சர்ச்சுக்காரங்க, வக்கீலுங்க, சில இடத்துல பேங்க்காரங்க கூட இருப்பாங்க. மெம்பர் சந்தா, நன்கொடை, டிரஸ்ட்டுங்க குடுக்குற பணம், இதுலதான் சம்பளம். வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னாடி ஊர் ஊரா ஆளுங்களைத் திரட்டி ஸ்டேட் சட்டசபைக்குக் கூட்டிட்டுப் போயி, அவங்கவங்க தொகுதி மெம்பரை நேர்ல பாத்து, வீட்டுக்குன்னு தனி நிதி ஒதுக்குங்க, வாடகைக்காரனைத் திடீர்னு வெளிய தள்ளாம இருக்க சட்டம் போடுங்கன்னு கேட்கிறதுதான் முக்கிய வேலை. நன்கொடைக்கு வரிவிலக்கு உள்ள சங்கமா இருந்தா எந்த வேட்பாளருக்கும் ஓட்டுக் கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாடு முழுசுக்குமான கூட்டமைப்பை 1974-ல குஷிங் டோல்பேர்னு ஒரு அம்மா ஆரம்பிச்சாங்க. அவங்க ஆளுங்க வருஷா வருஷம் ஒரு கணக்குப் போட்டு வெளியிடுவாங்க, ஒரு ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு வாடகை குடுக்கணும்னா ஒரு ஆளு மணிக்கு எவ்வளவு சம்பாதிக்கணும்னு. வருமானத்துல 30 சதவீதத்துக்கு மேல வாடகைக்குப் போனா தாங்காதுங்கிறதுதான் அங்க அளவு, 1981-க்கு முன்னாடி அதுவே 25-ஆ இருந்துச்சு. மினிமம் கூலி வாங்கி முழுநேரமும் வேலை செய்யிற ஒரு ஆளுக்கு எந்த ஸ்டேட்லயும் அந்த வீடு கட்டுபடியாகலைன்னு அந்தக் கணக்கு சொல்லிக்கிட்டே வருது. ரொம்ப ஏழைங்களுக்கான வீட்டுக்குன்னு தேசிய அளவுல ஒரு நிதி வேணும்னு போராடி 2008-ல சட்டம் வந்துச்சு, அதுல மொத தடவை பணம் வந்தது 2016-ல. சட்டம் வந்த பிறகும் எட்டு வருஷம் விடாம கேட்டிருக்காங்க பாருங்க. உங்க மக அந்த மாதிரி வேலைதான் பாக்குது, பெருமையா சொல்லிக்கோங்க.

*அக்கா, எங்க எஸ்டேட்ல 40 குடும்பம் சேந்து வீட்டுக்காக ஒரு கூட்டமைப்பு தொடங்கினோம், பக்கத்து எஸ்டேட்டுங்களும் வரேன்னு சொல்றாங்க. அதுக்குள்ள யாரு செக்ரட்டரின்னு ரெண்டு அண்ணன்மாருக்குள்ள சண்டை. பொம்பளைங்க நாங்க ஒதுங்கிப் போயிடலாமான்னு இருக்கு.*
(ஒரு வாசகி, வண்டிப்பெரியார்)

ஒதுங்காதீங்க தங்கச்சி, கெஞ்சிக் கேக்கிறேன். நானும் லயத்துல, அதான் எஸ்டேட் தொழிலாளிங்களுக்குக் கட்டுன வரிசை வீட்டுல, பொறந்து வளந்தவதான், ஒரு வரிசையை லைன்னு சொல்லுவோம். ஒரு ரூம், ஒரு அடுக்களை, முன்னால ஒரு நீட்டுத் திண்ணை, அதுல எட்டுப் பேர். மழை வந்தா தகரத்து மேல படுதா போட்டு, காத்துல பறக்காம இருக்க பழைய டயரும் கல்லும் தூக்கி வைப்போம், ஒழுகுற எடத்துல எல்லாம் பாத்திரம், ராத்திரி பூரா சொட்டுச் சொட்டுன்னு கேட்டுக்கிட்டே கிடப்போம். அந்தப் பாத்திரத்தை எந்த எடத்துல வைக்கணும்னு எங்க அம்மாவுக்கு இருட்டுலயே தெரியும். வீட்டோட குறை முழுசாத் தெரிஞ்சவங்க அவங்கதான், அப்போ அவங்க முன்னாடி உக்காராம வேற யாரு உக்காரணும்?

2015 செப்டம்பர்ல மூணாறுல நடந்ததை நீங்க பாத்திருப்பீங்க. போனஸ் 10 சதவீதம்தான்னு சொன்னதுக்கு, கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க ஆயிரக்கணக்குல ரோட்டுல உக்காந்தாங்க, ஒம்பது நாளு, எந்த யூனியன் தலைவரையும் கிட்ட விடல, பெம்பிளை ஒருமைன்னு பேரு வச்சு 20 சதவீதம் வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாங்க. அடுத்த மாசம் தினக்கூலி 232-ல இருந்து 301 ஆச்சு. லயத்தோட லட்சணத்தையும் அப்பத்தான் டிவிக்காரங்க உள்ள வந்து பாத்தாங்க. அந்த வருஷம் பஞ்சாயத்து எலெக்சன்ல கூட ஜெயிச்சாங்க. ஆனா கொஞ்ச நாள்லயே பிளவு வந்துருச்சு, அதை நெனச்சா இன்னைக்கும் மனசு வலிக்குது. அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவ்வளவு பெரிய காரியம் செஞ்சவங்க. ஒண்ணு மட்டும் எனக்குத் தோணும், கூட்டம் ரோட்டுல இருந்தப்போ எல்லாரும் தலைவிதான், ரோட்டை விட்டு வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு லைன்லயும் வாரம் ஒருக்கா கூடி உக்கார ஒரு ஏற்பாடு நிலைச்சு நிக்காமப் போச்சு.

அந்த ஏற்பாட்டை யாருகிட்ட கத்துக்கலாம்னா ஜோக்கின் அற்புதம் அண்ணன்கிட்ட. கோலார் தங்கவயல்ல பொறந்த தமிழரு, பம்பாய்க்குப் போயி ஜனதா காலனியில குடிசையில இருந்தவரு. அங்க குப்பை அள்ள ஆளு வரலைன்னதும் புள்ளைங்களைத் திரட்டி ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் கட்டிக் குடுத்து முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசல்ல கொண்டு போயி போட வச்சாரு. மேல அமெரிக்கக் கூட்டமைப்பு சொன்னேன்ல, அதே 1974-லதான் இவரும் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கினாரு. எமர்ஜென்சியில, 1976-ல, அவங்க காலனியையே இடிச்சு சீட்டா கேம்ப்புக்குத் தள்ளிட்டாங்க. அவ்வளவு போராடியும் வீடு போச்சேன்னு அவரு ஒடஞ்சு போகல. அதுக்கப்புறம் 1985-ல பம்பாய் நடைபாதையில குடியிருந்த ஜனங்களை ஸ்பார்க்னு ஒரு அமைப்பு வீடு வீடா எண்ணுச்சு, மறு வருஷம் அந்த நடைபாதைப் பொம்பளைங்களே மகிளா மிலன்னு ஒண்ணு சேந்தாங்க, இவரு கூட்டமைப்பும் இந்த ரெண்டும் கைகோத்து வேலை செஞ்சது. தினம் அஞ்சு ரூவா பத்து ரூவா சேமிப்பு, அதை வாங்க வாசலுக்கு வர்ற ஒரு பொம்பளை, அவ கையில ஒரு நோட்டு. 2000-ல அவருக்கு மகசேசே விருது கெடச்சுது, 2018-ல காலமானாரு.

அதான் தங்கச்சி, செக்ரட்டரி யாருங்கிற சண்டையை அப்படியே விடுங்க, மொதல்ல நோட்டைப் போடுங்க. நல்ல தடி அட்டை நோட்டு. லைன் நம்பர், வீட்டு நம்பர், எத்தனை தலை, எத்தனை வருஷமா இருக்காங்க, ரேஷன் கார்டு மஞ்சளா பிங்க்கா நீலமா வெள்ளையா, யாரு பேர்ல, ரிட்டயர் ஆனவங்க யாரு, கிராஜுவிட்டி வந்துச்சா, கூரை எப்படி, கக்கூஸ் உண்டா, சொந்தமா சென்ட் நிலம் எங்கயாவது உண்டா. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பொம்பளை எழுதட்டும். கேரளப் பொம்பளைங்களோட சுய உதவிக் குழுவான குடும்பஸ்ரீயில, அதோட அயல்கூட்டத்துல (பக்கத்து வீட்டுக்காரங்க குழு), 1998-ல இருந்து எழுதிப் பழகுன கைதானே நம்ம கை. அயல்கூட்டம், வார்டுக்கு ஏ.டி.எஸ்ங்கிற கமிட்டி, பஞ்சாயத்துக்கு சி.டி.எஸ்ங்கிற கமிட்டின்னு கீழ இருந்து மேல போற மாதிரியே லைன், எஸ்டேட், தாலுக்கான்னு வச்சுக்கோங்க, மூணு வருஷத்துக்கு ஒருக்கா ஆளை மாத்துங்க. பணக்கணக்கை மாசம் ஒருக்கா திண்ணையில எல்லாருக்கும் சத்தமா வாசிக்கணும், படிக்கத் தெரியாதவங்களுக்கும் காதுல விழணும். நோட்டு எழுதாத ஆளு மேடையில பேசக் கூடாதுன்னு ஒரு விதி போட்டுட்டா அந்த ரெண்டு அண்ணன்மாரும் ஒண்ணு எழுத உக்காருவாங்க, இல்ல அவங்களாவே வேற வேலை பாக்கப் போயிடுவாங்க. எழுத உக்காந்தா சந்தோஷமா சேத்துக்கோங்க.

*லைஃப் மிஷன்ல எங்களுக்கு வீடு கெடைக்குமா? சொந்த நிலம் இல்ல.*
(ஒரு வாசகர், உப்புதரை)

அண்ணாச்சி, கேட்டுப் பாக்கலாம், ஆனா கொஞ்சம் அலைச்சல் உண்டு. கேரள கவர்மென்ட்டோட இந்த லைஃப் வீட்டுத் திட்டத்துல சாதாரணமா வீட்டுக்கு 4 லட்சம், கட்டக் கட்ட தவணையா வரும். 2020 பிப்ரவரி கடைசியில 2 லட்சம் வீடு தாண்டிட்டோம்னு கவர்மென்ட் சொல்லுச்சு, அது நிஜமாவே பெரிய வேலை. 1972-ல எம்.என்.கோவிந்தன் நாயர் மந்திரியா இருந்தப்போ பஞ்சாயத்துக்கு 100 வீடுன்னு லட்சம் வீடு திட்டம் போட்டாரே, ஒரே சுவரு ரெண்டு வீட்டுக்குன்னு, அந்தக் காலனிங்க இன்னமும் நம்ம பக்கம் நிக்குது, அந்த மாதிரி ஒரு பெரிய வேலைதான் இதுவும்.

நிலம் இல்லாதவங்களுக்குத் தனி லிஸ்ட் உண்டு, அவங்களுக்கு ஃபிளாட்டு கட்டிக் குடுக்கிறதும், நிலம் உள்ளவங்க கொஞ்சம் விட்டுக் குடுங்கன்னு 2021-ல ‘மனசோடித்திரி மண்ணு’ன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சதும் அதுக்குத்தான். சிக்கல் எங்கன்னா ரேஷன் கார்டுல. ஒரு கார்டு ஒரு குடும்பம்னு கணக்கு, நம்ம லயத்துல அப்பா கார்டுலயே மூணு மகனும் மருமகளும் பேரப்புள்ளையும் இருப்பாங்க, லிஸ்ட்ல ஒரே வீடாத்தான் நிப்பாங்க. ஆன்லைன்ல மனு போட்டுக் குடுக்குற அட்சயா சென்டர்ல போயி கார்டைப் பிரிக்க இப்பவே எழுதிக் குடுங்க, லிஸ்ட் எடுக்கிற நாளு வந்த பிறகு ஓடுனா ஆகாது. அப்புறம் கிராம சபையில லிஸ்டை வாசிக்கிற அன்னிக்கு வேலைக்குப் போகாம எல்லாரும் போயி உக்காருங்க, பேரு விட்டுப் போயிருந்தா அங்கயே எழுந்து சொல்லி மினிட்ஸ்ல ஏத்தச் சொல்லுங்க. மலையாளம் பேச வரலைன்னு கூச்சப்பட வேண்டாம், தமிழ்லயே சொல்லுங்க, மெம்பருக்குப் புரியும்.

*லயத்துச் சுவரு வெடிச்சு விரல் உள்ள போகுது. கேட்டா மழை முடியட்டும்ங்கிறாங்க. ரிட்டயர் ஆன மாமனாருக்கு வீட்டைக் காலி பண்ணுனாத்தான் கிராஜுவிட்டின்னும் சொல்றாங்க.*
(ஒரு வாசகி, ஏலப்பாறை)

மழை முடியற வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா. தோட்டத் தொழிலாளி குடும்பத்துக்கு வீடு குடுத்து அதைப் பராமரிக்கிறது முதலாளி பொறுப்புன்னு 1951 பிளான்டேஷன் சட்டத்துலயே இருந்துச்சு. 1981-ல இன்னொண்ணும் சேத்தாங்க, முதலாளி குடுத்த வீடு இடிஞ்சு தொழிலாளிக்கோ குடும்பத்துக்கோ உயிர்ச்சேதம், காயம் ஆனா நஷ்டஈடு குடுக்கணும்னு. 2020-ல போட்ட புது தொழிலாளர் சட்டத் தொகுப்புங்கள்லயும் வீடு, குடிதண்ணி, சமையலறை, கக்கூஸ்னு சொல்லிருக்கு, இடிஞ்சா நஷ்டஈடுங்கிறதும் இருக்கு. ஆனா அந்த விதியில ஒரு வார்த்தை ஒளிஞ்சிருக்கு, முழுக்க இயற்கைச் சீற்றத்தால விழுந்திருந்தா பொறுப்பு இல்லைன்னு. அதனாலதான் மழைக்கு முன்னாடியே எழுதணும். வெடிப்புல ஸ்கேல் வச்சு, அன்னைய பேப்பரையும் பக்கத்துல பிடிச்சு போட்டோ எடுங்க, தேதி போட்டு மேனேஜருக்கு ஒண்ணு, பிளான்டேஷன் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு ஒண்ணு, பஞ்சாயத்துக்கு ஒண்ணு, ரிஜிஸ்டர் தபால்ல. ஒரு வீட்டுக்காரங்க எழுதுனா அது புகாரு, லைன் முழுக்க 12 வீடும் கையெழுத்துப் போட்டா அதைத் தூக்கிப் போட யோசிப்பாங்க.

கிராஜுவிட்டி விஷயம் எங்க வீட்லயே நடந்துச்சு. எங்க அப்பா 38 வருஷம் உழைச்சு, காலி பண்ணு அப்புறம் தர்றோம்னு சொல்லிச் சொல்லி, கைக்கு வர்றதுக்குள்ள நடக்க முடியாம ஆயிட்டாரு. 1972 கிராஜுவிட்டி சட்டத்துல 30 நாளைக்குள்ள குடுக்கணும்னு இருந்ததை அப்போ எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. உங்க மாமனாருக்கு லேபர் ஆபீஸ்ல தனியா ஒரு மனு போடுங்க, வீட்டு விஷயத்தோட அதைக் கலக்காதீங்க.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துல பெட்டிமுடியில மண்ணு சரிஞ்சு லயத்தோட 70 பேரை நாம குடுத்தோம். கரண்டும் போனும் இல்லாம விடிஞ்ச பிறகுதான் வெளிய சேதியே வந்துச்சு. செத்தவங்கள்ல நிறைய பேருக்குக் கயத்தாறு பக்கம் பூர்வீகம். பொழைச்ச குடும்பத்துல எட்டுப் பேருக்குக் குற்றியாறுல புது வீடு குடுத்தாங்க. அந்த எட்டு வீடு மண்ணு சரியறதுக்கு முன்னாடி வந்திருக்க வேண்டியது, எல்லா லைனுக்கும் வந்திருக்க வேண்டியது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குது.

*நாங்க கம்பத்துல இருந்து தினம் ஜீப்புல ஏலத்தோட்டத்துக்குப் போறோம், காலையில 6 மணிக்கு ஏறுனா ராத்திரிதான் வீடு. எங்களுக்கும் அந்தக் கூட்டமைப்புல இடம் உண்டா?*
(ஒரு வாசகர், கம்பம்)

உண்டு தம்பி, கண்டிப்பா உண்டு. பழைய சட்டத்துலயே தோட்டத்துக்கு வெளிய தங்கியிருக்கிறவங்க ஆறு மாசம் தொடர்ந்து வேலை பாத்து, உள்ள வந்து இருக்க விருப்பம்னு எழுதிக் குடுத்தா அவங்களுக்கும் வீடு குடுக்கணும்னு இருந்துச்சு. ஜீப்புல வர்ற நம்ம ஆளுங்களுக்கு மஸ்டர்ல, அதான் வேலைக்கு வந்தவங்க பேரை எழுதுற நோட்டுல, ஒழுங்கா பேர் விழுறதில்ல, ஆறு மாசத்தை எப்படி நிரூபிக்கிறதுங்கிறதுதான் பிரச்சனை. ஊர்லயே இருக்க ஆசைன்னா, சொந்த இடம் வச்சுக் குடிசையில இருக்கிறவங்களுக்குத் தமிழ்நாட்டுல கலைஞர் கனவு இல்லம் இருக்கு, 360 சதுர அடி, 3.5 லட்சம். கேரளா, தமிழ்நாடு ரெண்டு பக்கமும் ரேஷன் கார்டு வச்சுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ரெண்டு பக்கமும் பேரு போயிடும்.

வண்டிப்பெரியார் தங்கச்சி, இதையும் படிப்பீங்கன்னு தெரியும். உங்க நோட்டுல இந்தத் தம்பி ஆளுங்களுக்கும் ஒரு பக்கம் விடுங்க. அவங்களுக்கு லைன் நம்பர் கிடையாது, அந்த எடத்துல ஜீப் நம்பரை எழுதிக்கோங்க.