20 வருட இடைவெளிக்குப் பிறகு கிளாரினெட்: பழையதை ஆன்லைனில் வாங்கலாமா?

கேள்வி: பள்ளியிலும் கல்லூரியிலும் பேண்டில் கிளாரினெட் வாசித்தேன். அப்புறம் வேலை, குடும்பம் என்று 20 வருடங்களாகத் தொடவே இல்லை. இப்போது மறுபடி வாசிக்க ஆசை. ஆன்லைனில் ஒரு பழைய மரக் கிளாரினெட் விற்பனைக்கு வந்திருக்கிறது. 'நல்ல நிலையில் உள்ளது, எனக்கு வாசிக்கத் தெரியாது' என்று விற்பவர் எழுதியிருக்கிறார். படத்தில் பளபளப்பாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது கையில் இருக்கும் விவரத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வாசிக்கத் தெரியாத ஒருவர் 'நல்ல நிலை' என்று சொன்னால், துடைத்து வைத்திருக்கிறார் என்பது மட்டுமே அதன் பொருள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: காற்று கசிகிறதா, இல்லையா?

இன்று பரவலாகப் புழங்கும் விரல் முறை போம். அந்த முறைக் கிளாரினெட்டில் 17 கீ (விரலால் அழுத்தும் உலோக நெம்புகள்), விரல் ஓட்டைகளைச் சுற்றி 6 வளையம் உண்டு. ஓட்டைகளை மூடும் பேட் ஒவ்வொன்றும் பெரும்பாலும் கம்பளித் துணியின் மேல் மெல்லிய சவ்வு போர்த்தியது. பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்தால் சவ்வு கிழியும், துணி இறுகும், சில சமயம் பூச்சியும் அரிக்கும். வெளியே கீ மட்டும் மின்னிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பேட் சரியாக மூடாவிட்டாலும் அதற்குக் கீழே இருக்கிற ஸ்வரங்கள் எல்லாம் தடுமாறும்.

தினமும் வாசிப்பவர் சிறு கசிவைக் கூடுதலாக ஊதியோ, விரலை அழுத்தியோ சமாளித்துவிடுவார். உங்களால் இப்போது முடியாது. உதட்டுத் தசை பழக்கம் விட்டுப் போயிருக்கும், பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். அந்த நிலையில் கருவி கீச்சிட்டால், 'எனக்கு எல்லாம் மறந்துவிட்டது' என்றுதான் நினைப்பீர்கள். இப்படி நினைத்து இரண்டே வாரத்தில் மறுபடி பெட்டியை மூடிவிடுகிறவர்கள் உண்டு. குற்றம் பேடில் இருந்திருக்கும். அதனால்தான் திரும்பி வருகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது: காற்று கசியாத கருவி முதலில், பிராண்டு பிறகு.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். உங்களுக்கு எட்டுகிற ரிப்பேர்காரரிடம் எல்லா பேடும் கார்க்கும் மாற்றிச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று முதலில் கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள விலையோடு அதைக் கூட்டுங்கள். அந்த மொத்தத் தொகைக்கு, அண்மையில் சர்வீஸ் செய்த வேறொரு கருவி கிடைக்கிறதா என்று தேடுங்கள். பல நேரம் கிடைக்கும், அதுவும் இதைவிட நல்லதாக.

சரி, பேடை மாற்றிக்கொள்ளலாம். எந்த ரிப்பேர்காரராலும் மாற்ற முடியாத விஷயங்கள் மூன்று உண்டு. பழைய கருவியில் உண்மையான ஆபத்து அங்கேதான்.

முதலாவது, சுருதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை 'ஹை பிட்ச்' என்ற உயர்ந்த சுருதிக்கும் கருவிகள் செய்தார்கள். இன்று 'ஏ' ஸ்வரத்தை விநாடிக்கு 440 அதிர்வாக வைக்கிறோம், அவற்றிலோ அது 452-க்கும் மேலே நிற்கும். வாயில் வைக்கும் மவுத்பீஸுக்கு அடியில் உள்ள குட்டிக் குழாயான பேரலை வெளியே இழுத்து இறக்கிவிடலாம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பேரலை இழுத்தால் அதற்குப் பக்கத்தில் உள்ள ஸ்வரங்கள் அதிகமாகவும் அடியில் உள்ளவை குறைவாகவும் இறங்கும். கருவி தனக்குத்தானே சுருதி சேராமல் போகும். பழைய கருவிகளின் உடலில் 'எச்பி' (ஹை பிட்ச்) அல்லது 'எல்பி' (லோ பிட்ச், தாழ்ந்த சுருதி) என்ற எழுத்துகள் பொறித்திருக்கலாம். எச்பி என்று இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, விரல் முறை. ஆல்பர்ட் என்ற வேறொரு விரல் முறைக் கிளாரினெட் தன் அளவில் அருமையான கருவி. துருக்கிய இசையில் இன்றும் அந்த வகைதான் ஒலிக்கிறது. ஆனால் நீங்கள் கற்றது போம் முறை என்றால் உங்கள் விரல்களுக்கு அது உதவாது. கிளாரினெட்டின் நடு உடல் மேல், கீழ் என இரண்டு ஜாயின்ட்களாகக் கழலும். படத்தில் கீழ் ஜாயின்ட்டைப் பாருங்கள். வலது சுண்டு விரலுக்கு 4 கீ இருந்தால் போம். இரண்டுதான் என்றால் பெரும்பாலும் ஆல்பர்ட்.

மூன்றாவது, கருவியின் வகை. 'கிளாரினெட்' என்று மட்டும் போட்டு ஏ கிளாரினெட்டையோ சி கிளாரினெட்டையோ விற்பவர்கள் இருக்கிறார்கள், வித்தியாசம் தெரியாமலே. இவை வேறு வேறு சுருதியில் ஒலிப்பவை. உங்களுக்கு வேண்டியது பி ஃபிளாட். மவுத்பீஸ் இல்லாமல், பேரலின் மேல் விளிம்பிலிருந்து அடியில் விரிந்திருக்கும் பெல்லின் விளிம்பு வரை அளக்கச் சொல்லுங்கள். பி ஃபிளாட் என்றால் ஏறத்தாழ 59 செ.மீ. வரும். ஏ என்றால் சுமார் 4 செ.மீ. கூடும், சி என்றால் நன்றாகவே குறையும். ஓரிரண்டு செ.மீ. மட்டும் குறைந்தால் ஹை பிட்ச்சாக இருக்குமோ என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது வெடிப்பு. கிரெனடில்லா என்ற ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்த கருவிகளில், ஊதும்போது உள்சுவர் சூடும் ஈரமும் பட்டு விரியும், வெளிச்சுவர் அப்படியே இருக்கும். அந்த இழுவையில்தான் மரம் வெடிக்கிறது. பெரும்பாலும் மேல் ஜாயின்ட்டின் உச்சியில் தொடங்கி, இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவும் டிரில் கீகளின் ஓட்டைகளை நோக்கி இறங்கும். படத்தில் மரத்தின் ரேகையும் வெடிப்பும் ஒன்றுபோலத் தெரியும். எனவே பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி மேல் ஜாயின்ட்டைச் சுற்றிலும் எடுத்த படங்களைக் கேளுங்கள். உள்ளே டார்ச் அடித்து எடுத்த படம் ஒன்றும் வேண்டும். ஒழுங்காக உலோக ஊசி அடித்து ஒட்டிய பழைய வெடிப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, விலை குறைந்தால் போதும். ஓட்டையைக் குறுக்கே கடக்கிற வெடிப்பும், ஜாயின்ட்கள் பொருந்தும் முனையில் உள்ள வெடிப்பும் வேறு கதை. அவற்றை ஒதுக்குங்கள்.

மரமே வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்றும் யோசியுங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த யமஹா 255, பஃபே பி12 போன்ற மாணவர் கருவிகள் சர்வீஸ் செய்த நிலையில் கிடைத்தால், முதல் ஒன்றிரண்டு வருடங்களுக்கு உங்களுக்கு அவை தாராளம். வானிலை மாறினாலும் அவை வெடிக்காது. பழைய விட்டோ, பண்டி கருவிகளும் உழைக்கக்கூடியவை. மரம்தான் என்றால் பஃபே இ11 நல்ல நடுவழி. 1950-களில் வந்த பஃபே ஆர்13 இன்றும் தொழில்முறைக் கலைஞர்கள் கையில் இருக்கிற கருவி. அந்தப் பெயருக்காகவே அதன் பழைய பிரதிகளுக்கு விலை ஏறிக் கிடக்கிறது. திரும்பி வந்த முதல் மாதத்தில் அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பேன். பெயர் தெரியாத, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் மிக மலிவாக வரும் புதுக் கருவிகளைத் தொடவே வேண்டாம். கீயின் உலோகம் மெத்தென்று வளையும், உதிரி பாகம் கிடைக்காது, பல ரிப்பேர்காரர்கள் கையிலெடுக்கவே தயங்குவார்கள்.

வெளிநாட்டிலிருந்து மரக் கருவி வரவழைப்பதாக இருந்தால் ஒரு தகவல். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கிரெனடில்லா மரம் 2017 ஜனவரியில் சேர்ந்தது. 2019 நவம்பரில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. எனவே அந்த ஒப்பந்தம் தொடர்பான பழைய எச்சரிக்கைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

இனி விற்பவரிடம் கேட்க வேண்டியது. வாசிக்கத் தெரிந்த யாரையாவது வைத்து, கருவியின் மிகத் தாழ்ந்த ஸ்வரமான அடி 'ஈ' தொடங்கி மேலே வரை ஒவ்வோர் அரை ஸ்வரமாக ஊதிய வீடியோ ஒன்று கேளுங்கள். அழகாக வாசிக்க வேண்டாம், மெதுவாக வாசித்தால் போதும். அடி 'ஈ'-யும், அதே விரல்களோடு, ஸ்வரத்தை மேலே தாவ வைக்கும் ரிஜிஸ்டர் கீயைச் சேர்த்தால் வரும் நடு 'பி'-யும் சன்னமாக ஊதும்போதும் தடையில்லாமல் பேசினால் பேடுகள் பெரும்பாலும் சரி. எல்லா ஓட்டையும் மூடியிருக்க வேண்டிய ஸ்வரங்கள் அவை. கசிவு எங்கிருந்தாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். ஜாயின்ட்டில் உள்ள சீரியல் எண்ணின் படமும் கேளுங்கள். மேல், கீழ் இரண்டிலும் எண் இருந்து, அவை வேறு வேறாக இருந்தால் இரண்டு கருவிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

இதெல்லாம் திருப்தி என்றாலும், திருப்பி அனுப்பும் வசதி இல்லாத இடத்தில் வாங்காதீர்கள். கருவியைக் கழற்றி, பெட்டிக்குள் எதுவும் ஆடாமல் துணி அடைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு ஜாயின்ட்களையும் இணைக்கும் பாலக் கீ வழியில் வளைந்துபோவது சாதாரணமாக நடக்கிறது.

வந்து சேர்ந்ததும் ஊதும் முன் ஒரு சோதனை. மேல் ஜாயின்ட்டைத் துடைத்துவிட்டு, இடது கை விரல்களால் எல்லா ஓட்டைகளையும் மூடுங்கள், கட்டைவிரல் ஓட்டையையும் சேர்த்து. அடிப்பக்கத்தை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உள்ளே வெற்றிடம் ஓரிரு விநாடி பிடித்து நிற்க வேண்டும். உடனே தளர்ந்தால் கசிவு. கீழ் ஜாயின்ட்டுக்கும் இதேதான். அங்கே சுண்டு விரலால் அடி 'ஈ' கீயையும் அழுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் தொடர்ந்து வாசிக்கிற ஒருவரிடம் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் உதட்டை வைத்து இப்போது தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பெட்டியோடு வரும் மவுத்பீஸை எடுத்து ஓரம் வையுங்கள். நுனியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிசிர் இருந்தாலே கீச்சிடும். யமஹா 4சி போல ஒன்றோ, கொஞ்சம் கூடச் செலவழிக்கத் தயார் என்றால் வான்டோரன் 5ஆர்வி லைர் போல வாய் அதிகம் விரியாத ஒன்றோ புதிதாக வாங்குங்கள். மவுத்பீஸில் கட்டும் நாணல் தகடான ரீடு, கடினத்தில் 2 அல்லது 2.5 எண். அந்தக் காலத்தில் 3.5 வாசித்தேன் என்று அதையே வாங்க வேண்டாம். அந்த எண்ணுக்குப் போக இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன.

கடைசியில் மரக் கருவிதான் வாங்கினீர்கள் என்றால், வருடக்கணக்கில் ஊதாமல் கிடந்ததைப் புதுக் கருவி போலவே பாவியுங்கள். முதல் சில வாரங்கள் ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த உடனே ஊதாமல், மேல் ஜாயின்ட்டைக் கையில் பிடித்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தை எடுத்துவிடுங்கள்.