கடனைக் கட்ட முடியாமல் ஒரு நாடு நின்றால்

மதுரையில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

*2022-ல் இலங்கை, ரூபாயை அச்சடித்தே கடனைக் கட்டியிருக்கலாமே?*
(கல்லூரி மாணவி, திருமங்கலம்)

ரூபாயை அடிக்கலாம்மா, டாலரை அடிக்க முடியாதே! கடன் வாங்கியது டாலரில். அந்த வருஷம் மார்ச்சில் கீழமாசி வீதி வத்தல் வியாபாரி ஒருவர் பில்லோடு என் மேசைக்கு வந்தார். சரக்கை எடுத்த கொழும்புக்காரர் முழுத் தொகையையும் இலங்கை ரூபாயில் தன் வங்கியில் கட்டிவிட்டார். சலான் நகல்கூட இருந்தது. அதை மாற்றி அனுப்ப அந்த வங்கியிடம் டாலர்தான் இல்லை. வத்தல் மூட்டைக்கே இந்தக் கதி. கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட்டது, அதற்கு முன்பே 2019-ல் வரியைத் தாராளமாகக் குறைத்திருந்தார்கள். ஏப்ரல் 12 அன்று அரசே கையை விரித்தது.

*கடன் கொடுத்தவர் நாட்டை ஜப்தி செய்ய முடியுமா?*
(வக்கீல் குமாஸ்தா, மேலூர்)

முடியாது. மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க நாடுகளுக்கென்று கோர்ட்டும் கிடையாது. ஆனால் வெளிநாட்டில் சிக்கும் சொத்துக்கு வலை விரிப்பார்கள். அர்ஜென்டினா 2001-ல் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. அதன் கடன் பத்திரங்களை மலிவாக வாங்கிய ஒரு நிதி நிறுவனம், 2012 அக்டோபரில் அந்நாட்டுக் கடற்படையின் பாய்மரக் கப்பலையே கானா துறைமுகத்தில் மடக்கியது. டிசம்பரில் சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே விட்டார்கள். நொடித்த நாட்டின் பத்திரத்தைச் சல்லிசாக வாங்கி, முழுத் தொகைக்கும் வழக்குப் போடுவது கந்துவட்டியை விடக் கேவலம் என்பேன்.

*நம் நாடு?*
(ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி)

1991-ல் நூலிழையில் தப்பினோம், ஐயா. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது. தவணை தவறவில்லை, நகையையும் மீட்டோம்.

*கடைசியில் யார் தலையில் விடிகிறது?*
(இல்லத்தரசி, ஆனையூர்)

கொடுத்தவருக்கும் வெட்டு உண்டு. 2012-ல் கிரீஸ் பத்திரம் வைத்திருந்த தனியாருக்கு முகமதிப்பில் 53.5 சதவீதம் போனது. அதனால் அவர்கள் வீட்டு அடுப்பு அணையவில்லை. இலங்கையில் பால்மாவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் விடிய விடிய வரிசை நின்றது. 2022 மார்ச்சில் கைக்குழந்தையோடு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்களே, அவர்களா டாலர் கடன் வாங்கினார்கள்? எனக்கு இன்றும் ஆறவில்லை அம்மா.

*அந்த வத்தல் பணம் வந்ததா?*
(மளிகைக் கடைக்காரர், சிம்மக்கல்)

வந்தது. ஏழு மாதம் கழித்து, மூன்று தவணையாக.